வாலைப் பிடித்தால் நீண்ட சொல் வசப்படும்

அத்தியாயம் 6

நீளமான ஆங்கிலச் சொல் எதிரே வந்தால் நம் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். மூச்சு விடாமல் ஒரே ஓட்டமாக ஓட்டிவிடுவது ஒன்று. எழுத்துக்கூட்டி, ஒவ்வோர் எழுத்துக்கும் சரிசமமாக மரியாதை கொடுத்து வாசிப்பது மற்றொன்று. முதலாவதில் சொல் கரைந்துபோகும். இரண்டாவதில் எழுத்தெல்லாம் சரியாக இருக்கும், ஆனாலும் எதிரில் இருப்பவர் முகத்தைச் சுளித்து இன்னொரு தடவை சொல்லச் சொல்வார். பிள்ளை தன் ஆங்கிலமே மோசம் என்று நினைத்துக்கொள்ளும். கோளாறு ஆங்கிலத்தில் இல்லை. சொல்லை எங்கே பிரிப்பது, பிரித்த துண்டுகளில் எதை ஓங்கிச் சொல்வது என்ற இரண்டே விஷயங்களில்தான் இருக்கிறது.

நம் பக்கத்து இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்ற அறிவிப்பு 2023இல் வந்தது. அருப்புக்கோட்டையில் நூற்பாலையும் தறியும் முன்பே உண்டு. மானாவாரிக் காட்டில் பருத்தியும் சோளமும் போட்டு மழையைப் பார்த்துக் கிடந்த வீடுகளிலிருந்து பாலிடெக்னிக் முடித்த பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். அங்கே அவர்கள் காதில் விழுவது ஹியூமிடிஃபிகேஷன், மெயின்டெனன்ஸ், மேனுஃபேக்சரிங். வீட்டில் இருக்கும் அப்பாவும் இதிலிருந்து தப்ப முடியாது. பயிர்க் காப்பீட்டுக்குப் போனால் இன்ஷூரன்ஸ், காம்பென்சேஷன், சர்டிஃபிகேட், நாமினி. இந்த அத்தியாயத்தின் எடுத்துக்காட்டுகளை இவற்றிலிருந்தே எடுத்திருக்கிறேன். ஷேக்ஸ்பியரில் வரும் சொற்களைப் பிரித்துப் பழகி நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

எண்ண வேண்டியது காது

பத்தாம் வகுப்பு படித்தவர் எவருக்கும் அலகிடத் தெரியும். திருச்சுழி என்றால் திருச்-சுழி, நிரை நிரை, கருவிளம். சாத்தூர் என்றால் நேர் நேர், தேமா. சொல்லைத் துண்டாக்கிப் பார்க்கும் இந்தப் பழக்கம் நமக்குப் பெரிய சொத்து. யாப்பருங்கலக்காரிகை போன்ற இலக்கண நூல்கள் செய்யுளுக்காக வகுத்ததை நாம் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம்.

ஆனால் அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக முடியாது. நம் நிரையசை இரண்டு உயிரொலிகளைச் சேர்த்து ஒன்றாகக் கணக்குப் பண்ணுகிறது. ஆங்கிலத்தில் ஓர் உயிரொலிக்கு ஒரு சிலபிள். குமாரலிங்கபுரத்தை அலகிட்டால் குமா-ரலிங்-கபு-ரம், நான்கு அசை. சிலபிளாகப் பிரித்தால் கு-மா-ர-லிங்-க-பு-ரம், ஏழு. அதனால் இந்த நூலில் அசை என்று எழுதாமல் சிலபிள் என்றே எழுதுகிறேன்.

உயிரெழுத்தை எண்ணாதீர்கள், உயிரொலியை எண்ணுங்கள். ஆங்கில எழுத்தில் ஏ, ஈ, ஐ, ஓ, யு எத்தனை இருக்கின்றன என்று விரல் விட்டால் ஏமாந்துபோவீர்கள். ‘பிஸினஸ்’ என்று நாம் சொல்லும் சொல்லில் எழுத்தளவில் மூன்று உயிர் உண்டு. ஒலியில் பிஸ்-னஸ், இரண்டுதான். புதன்கிழமைக்கான ஆங்கிலச் சொல்லும் வென்ஸ்-டே, இரண்டு. வெஜிடபிள் என்று நாம் நான்காகச் சொல்வதை ஆங்கிலேயர்கள் வெஜ்-ட-பிள் என்று மூன்றாகச் சொல்கிறார்கள். கம்ஃபர்டபிளும் கம்ஃப்-ட-பிள்தான். நூற்பாலையில் நாள் முழுக்கப் புழங்கும் டெம்பரேச்சரைப் பலர் டெம்-ப்ர-சர் என்று மூன்றில் முடித்துவிடுவார்கள். நடுவில் ஒரு துண்டு விழுங்கப்பட்டிருக்கிறது. அது சோம்பலல்ல, அகராதியே ஏற்றுக்கொண்ட உச்சரிப்பு.

எண்ணுவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. புறங்கையைத் தாடைக்கு அடியில் வைத்துக்கொண்டு சொல்லை நிதானமாகச் சொல்லுங்கள். ஒவ்வோர் உயிரொலிக்கும் தாடை ஒரு முறை இறங்கும். டெக்-னி-ஷன், மூன்று இறக்கம். காட்டன், இரண்டு, இதில் இரண்டாவது இறக்கம் லேசாகத்தான் தெரியும், ஏனென்றால் கடைசித் துண்டில் உயிர் கிட்டத்தட்ட இல்லை, ‘ன்’ மட்டுமே நிற்கிறது.

இறந்தகால ஈற்றில் நம்மவர்கள் அதிகம் வழுக்குவார்கள். வாஷ் என்பதன் இறந்தகாலம் வாஷ்ட், ஒரே சிலபிள். வாஷ்-ஷெட் என்று இரண்டாக்கக் கூடாது. பாக் என்பது பாக்ட், அதுவும் ஒன்றே. மூலச்சொல் டகரத்தில் முடிந்தால் மட்டும் ஒரு சிலபிள் கூடும்: வான்ட் என்பது வான்-டட், ப்ளான்ட் என்பது ப்ளான்-டட். டகரத்தின் மேல் இன்னொரு டகரத்தை உயிரில்லாமல் ஏற்ற முடியாது, காரணம் அவ்வளவே.

நம் நாக்கு கூட்டும் கணக்கு

சிலபிளை எண்ணும்போது நமக்கு எண்ணிக்கை கூடுதலாக வருவதற்குக் காரணம் நம் மொழியின் அமைப்பு. தமிழ்ச் சொல் இரண்டு மெய்யோடு தொடங்காது. வல்லின மெய்யில் முடியவும் முடியாது. இந்த இரண்டு விதிகளும் இலக்கணப் புத்தகத்தில் இருப்பதைவிட நம் நாக்கில் அதிகமாக இருக்கின்றன. அதனால் ஸ்டூல் என்ற ஒற்றைச் சிலபிள் ‘இஸ்டூலு’ என்று மூன்றாகிறது. டெஸ்ட் ‘டெஸ்ட்டு’ ஆகிறது. ப்ளாஸ்-டிக் என்ற இரண்டு ‘பிளாஸ்டிக்கு’ என்று நான்காகிறது. ஒரே சிலபிளான ஃபில்ம் நமக்கு ஃபி-லிம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் அருப்புக்கோட்டைக்காரர்களும் தெருவில் தமிழ் பேசியே வளர்வதால் இதே கணக்குதான் அவர்களுக்கும்.

தமிழ் பேசும்போது இப்படிச் சொல்வதில் குற்றமே இல்லை. டீக்கடையில் ‘ஸ்டூல்’ என்று ஆங்கிலேயன் மாதிரி சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கவும் வேண்டும். ஹோட்டல், போலீஸ், மெஷின் எல்லாம் தமிழாகிவிட்ட சொற்கள். அவற்றைத் தமிழாகவே சொல்லுங்கள். ஆங்கில வாக்கியத்துக்குள் வரும்போது மட்டும் அவை ஹோ-ˈடெல், ப-ˈலீஸ், ம-ˈஷீன் ஆகட்டும். மேலே போட்டிருக்கும் சின்னக் கோட்டைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன்.

மணி கட்டிய துண்டு

ஆட்டுக் கிடையில் எல்லா ஆட்டுக்கும் மணி கட்டுவதில்லை. ஒன்றிரண்டுக்குக் கட்டினால் போதும், இருட்டில் மந்தை எந்தப் பக்கம் போகிறது என்று கீதாரிக்குத் தெரிந்துவிடும். ஆங்கிலச் சொல்லும் அப்படித்தான். இரண்டு சிலபிளோ அதற்கு மேலோ உள்ள எந்தச் சொல்லை எடுத்தாலும் ஒரு துண்டுக்கு மணி உண்டு. அந்தத் துண்டைக் கொஞ்சம் ஓங்கி, கொஞ்சம் நீட்டி, கொஞ்சம் உயர்ந்த குரலில் சொல்வார்கள். இதைத்தான் அழுத்தம் என்கிறோம். ஆங்கிலம் கேட்டுப் பழகிய காது முதலில் அந்த மணியைத்தான் தேடும். மணி வேறு துண்டில் அடித்தால் அது வேறு சொல்லைத் தேடப் போய்விடும்.

இதை வெறும் நாகரிக விஷயமாக நினைக்காதீர்கள். ஹைதராபாத்தில் 1958இல் தொடங்கிய மத்திய ஆங்கில நிறுவனம், இன்றைய ஆங்கில மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், ஆர்.கே. பன்சாலின் ஆய்வை 1969இல் வெளியிட்டது. இந்தியர் பேசும் ஆங்கிலம் மற்ற நாட்டவருக்கு எவ்வளவு புரிகிறது என்பதே அந்த ஆய்வின் பொருள். புரியாமல் போவதற்கு அவர் காட்டிய முக்கியமான காரணங்களில் சொல்லழுத்தம் இடம் மாறுவதும் ஒன்று. தமிழரான டி. பாலசுப்பிரமணியன் இந்திய மாணவர்களுக்காக எழுதி 1981இல் வெளிவந்த ஆங்கில ஒலியியல் பாடநூல் இன்றும் கல்லூரிகளில் புழங்குகிறது. அழுத்தத்தை விரிவாகப் படிக்க விரும்புகிறவர்கள் அதைத் தேடிப் பிடிக்கலாம்.

தமிழில் இப்படிச் சொல்லுக்கு ஒரு மணி என்பது கிடையாது. நாம் உணர்ச்சிக்காக ஒரு சொல்லை ஓங்கிச் சொல்வோமே தவிர, எந்தத் துண்டை ஓங்கினாலும் சொல்லின் பொருள் மாறாது. அதனால்தான் அழுத்தம் என்றால் என்னவென்று நமக்குச் சட்டென்று உறைப்பதில்லை. எதிர்ப்பக்கமிருந்து பார்த்தால் உறைக்கும். ரமணர் 1879இல் பிறந்த ஊர் என்று திருச்சுழிக்கு வெளிநாட்டவர் வருகிறார்கள். அவர்களில் பலர் வாயில் அந்தப் பெயர் ‘ரமாணா’ என்று வருவதைக் கவனித்துக் கேளுங்கள். அவர்கள் தப்பாகப் படிக்கவில்லை. ஒரு துண்டுக்கு மணி கட்டாமல் அவர்களால் சொல்லைச் சொல்ல முடியாது, கட்டிய துண்டு தானாக நீண்டுவிடுகிறது. நாம் எந்தத் துண்டுக்கும் கட்டாமல் சொல்லும் ஆங்கிலம் அவர்கள் காதுக்கு அதே அளவு விநோதமாக இருக்கும்.

அகராதியில் மணி எங்கே என்பதைக் காட்ட, அந்தத் துண்டுக்கு முன்னால் மேலே ஒரு சிறு நேர்கோடு போடுவார்கள். கோட்டுக்கு அடுத்து வருவதுதான் ஓங்கவேண்டிய துண்டு. முன்னால் இருப்பது அல்ல. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ஆண்டுக்கணக்காகத் தப்பாகச் சொல்கிறவர்கள் உண்டு. மிக நீண்ட சொற்களில் கீழேயும் ஒரு சிறு கோடு இருக்கும். அது சின்ன மணி. ஹியு-ˌமி-டி-ஃபி-ˈகே-ஷன் என்ற ஆறு சிலபிள் சொல்லில் ‘கே’ பெரிய மணி, ‘மி’ சின்ன மணி. தொடக்கத்தில் சின்ன மணியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பெரியதைச் சரியாக அடித்தால் சின்னது பெரும்பாலும் தானே வந்து சேரும்.

வாலில் இருக்கிறது விதி

ஆங்கில அழுத்தத்துக்கு விதியே கிடையாது, ஒவ்வொரு சொல்லாக மனப்பாடம் செய்யவேண்டும் என்று சொல்வார்கள். சின்னச் சொற்களுக்கு அது ஓரளவு உண்மை. நீண்ட சொற்களுக்கு உண்மையில்லை. சொல் நீள நீள விதி கெட்டிப்படுகிறது, ஏனென்றால் நீண்ட சொல்லுக்கு வால் உண்டு. தலையிலிருந்து தொடங்காமல் வாலிலிருந்து எண்ணவேண்டும்.

முதலில் ‘ஷன்’ வால். இது ஒன்றைக் கற்றுக்கொண்டாலே நூற்றுக்கணக்கான சொற்கள் கைக்கு வரும். ஷன் என்று முடிந்தால் அதற்கு ஒட்டி முன்னால் இருக்கும் துண்டுக்கு மணி. எ-ஜு-ˈகே-ஷன். ஆப்-ளி-ˈகே-ஷன். காம்-பன்-ˈஸே-ஷன். இ-ரி-ˈகே-ஷன். ஆங்கிலத்தில் எழுத்து எப்படி இருந்தாலும் சரி: எலெக்ட்ரீஷியன் என்று நாம் இழுப்பது இ-லெக்-ˈட்ரி-ஷன், டெக்னீஷியன் டெக்-ˈனி-ஷன். உச்சரிப்பு என்பதற்கான ஆங்கிலச் சொல்லே ப்ர-நன்-ஸி-ˈஏ-ஷன்தான். விதிவிலக்கு வெகு அபூர்வம். இந்த வாலை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

‘இக்’ வாலுக்கும் அதே விதி. ஈ-க-ˈநா-மிக், ஸை-யன்-ˈடி-ஃபிக், இ-ˈலெக்-ட்ரிக். இதில் சில முரடர்கள் உண்டு. ˈபா-லி-டிக்ஸ், ˈஆ-ர-பிக் இரண்டும் முதல் துண்டில் நிற்கின்றன. கணக்கைக் குறிக்கும் அ-ˈரித்-ம-டிக் ஒரு துண்டு முன்னால் போய்விட்டது. இவற்றைத் தனியாக மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

‘இட்டி’ என்று முடிகிற பெயர்ச்சொற்களில் அந்த ‘இட்டி’க்கு ஒட்டி முன்னால் மணி. இ-லெக்-ˈட்ரி-ஸி-ட்டி. ஹியு-ˈமி-டி-ட்டி. ˈக்வா-லி-ட்டி. ரி-ஸ்பான்-ஸ-ˈபி-லி-ட்டி என்ற ஆறு துண்டுச் சொல்லைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. வாலில் இரண்டை விட்டுவிட்டு மூன்றாவதை ஓங்கினால் மீதி வழுக்கிக்கொண்டு வரும். மூலச்சொல்லில் மணி எங்கே இருந்தது என்பது பொருட்டே இல்லை. இ-ˈலெக்-ட்ரிக் என்பதில் ‘லெக்’கில் அடித்த மணி, ‘இட்டி’ ஒட்டியதும் ‘ட்ரி’க்குத் தாவிவிடுகிறது.

இந்தத் தாவல்தான் நம்மவர்களைத் தடுமாற வைக்கிறது. மூலச்சொல்லைச் சரியாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை அதே அழுத்தத்தை அதன் குடும்பம் முழுக்கப் பூசிவிடும். ஒரு குடும்பத்தை மட்டும் நன்றாகப் பாருங்கள். படம் என்றால் ˈஃபோ-ட்ட-க்ராஃப். படம் எடுப்பவர் ஃப-ˈடாக்-ர-ஃபர். படம் சார்ந்த என்றால் ஃபோ-ட்ட-ˈக்ரா-ஃபிக். ஒரே வேர், மணி முதல் துண்டிலும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் மாறி மாறி அடிக்கிறது. நடுச்சொல்லில் மணி இழந்த முதல் துண்டு ‘ஃபோ’ என்ற நெடிலாக இல்லாமல் ‘ஃப’ என்று சுருங்கிவிட்டதையும் கவனியுங்கள். கல்யாண வீட்டில் நாம் ‘ஃபோட்டோகிராஃபர்’ என்று ஐந்து துண்டையும் முழுசாகச் சொல்வதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! இந்த மூன்று சொற்களை மட்டும் ஒரு நாள் முழுக்கச் சொல்லிப் பாருங்கள். அழுத்தம் என்றால் என்ன என்பதை எந்தப் புத்தகத்தைவிடவும் இவை நன்றாகச் சொல்லித்தரும்.

படிப்பின் பெயர்கள், அளவுக் கருவிகள், ஆட்சி முறைகள் ஆகியவற்றுக்கு வாலிலிருந்து மூன்றாவது துண்டு. டெக்-ˈநா-ல-ஜி, பை-ˈஆ-ல-ஜி, ஜி-ˈஆக்-ர-ஃபி, இ-ˈகா-ன-மி, டி-ˈமாக்-ர-ஸி. காய்ச்சல் பார்க்கும் தர்-ˈமா-மி-டர், ஈரப்பதம் பார்க்கும் ஹை-ˈக்ரா-மி-டர். கிலோமீட்டர் மட்டும் தகராறு: முதல் துண்டில் அடிப்பவர்களும் இருக்கிறார்கள், இரண்டாவதில் அடிப்பவர்களும் இருக்கிறார்கள், அகராதி இரண்டையும் தருகிறது. இஷ்டப்பட்டதைச் சொல்லுங்கள்.

‘எய்ட்’ என்று முடியும், மூன்று துண்டோ அதற்கு மேலோ உள்ள வினைச்சொற்களுக்கும் வாலிலிருந்து மூன்றாவது. ˈஆ-ப-ரெய்ட், ˈகால்-க்யு-லெய்ட், ˈகல்-டி-வெய்ட், க-ˈம்யூ-னி-கெய்ட். கடைசித் துண்டு நெடிலாக ஒலிப்பதால் அதை ஓங்கத் தோன்றும். ஓங்காதீர்கள். இவற்றோடு ‘ஷன்’ சேர்ந்தால் மணி பின்னால் தாவும்: ஆ-ப-ˈரே-ஷன், கல்-டி-ˈவே-ஷன்.

மணியைத் தன் தலையிலேயே கட்டிக்கொள்ளும் வால்களும் சில உண்டு. என்-ஜி-ˈநியர், வா-லன்-ˈடியர், ட்ரெய்-ˈநீ, கா-ரன்-ˈட்டீ. வங்கிப் படிவத்தில் வரும் நாமினியும் இந்த இனம்தான், நா-மி-ˈநீ. க-ˈமி-ட்டி மட்டும் முரடு.

எதையும் அசைக்காத வால்கள் கடைசி. ‘மென்ட்’, ‘நெஸ்’, ‘ஃபுல்’, ‘லி’, ‘இங்’ போன்றவை ஒட்டினாலும் மூலச்சொல்லின் மணி இருந்த இடத்திலேயே இருக்கும். டி-ˈவெ-லப் என்பது டி-ˈவெ-லப்-மன்ட் ஆகும். நாட்டில் பாதிப் பேர் இதை முதல் துண்டில் அடித்து ‘டெவலப்மென்ட்’ என்கிறார்கள், மேடையிலும் தொலைக்காட்சியிலும்கூட. ˈமா-னிஜ் என்பது ˈமா-னிஜ்-மன்ட். இந்த இனத்தில் சேர்ந்ததுபோல் தோன்றி ஏமாற்றும் சொல் ஒன்று மில்லில் தினமும் வரும். மெயின்-ˈடெயின் என்ற வினையில் இரண்டாவதில் இருக்கும் மணி, ˈமெயின்-ட-னன்ஸ் என்ற பெயரில் முதலுக்கு வந்துவிடுகிறது. நடுத் துண்டு ‘டெய்’ அல்ல, ‘ட’.

மணி இழந்த உயிர்

மணி இல்லாத துண்டுகளை என்ன செய்வது? அவற்றை இளைக்க விடவேண்டும். ஆங்கிலத்தில் மணி இல்லாத உயிர் தன் நிறத்தை இழந்து, பாதி ‘அ’ மாதிரியான ஒரு மங்கலான ஒலியாகிவிடும். ஷ்வா என்பது அதன் பெயர். ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் உயிரொலியே அதுதான், ஆனால் அதற்கென்று தனி எழுத்து இல்லை. எழுத்தைப் பார்த்து வாசிக்கிறவர்கள் அதைத் தவறவிடுவதற்கு அதுவே காரணம்.

தமிழருக்கு இது புரியாத விஷயமல்ல. குற்றியலுகரத்தை ஒரு மாத்திரை உகரமாக நாம் சொல்வதில்லை; ‘நாடு’, ‘காற்று’ என்பதில் கடைசி உகரம் அரை மாத்திரையாகக் குறுகிவிடும் என்று நம் இலக்கணமே சொல்கிறது. ஐகாரக் குறுக்கம் என்று இன்னொன்றையும் படித்திருக்கிறோம். பேச்சில் ‘தலை’ என்பதைத் ‘தல’ என்கிறோமே, அந்த அளவு இளைப்புதான் இங்கேயும் வேண்டும். எங்கே இளைக்கவேண்டும் என்பதில்தான் வித்தியாசம். நாம் சொல்லின் கடைசியில் இளைக்கிறோம், அவர்கள் மணி இல்லாத இடமெல்லாம் இளைக்கிறார்கள்.

சர்டிஃபிகேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வருவாய்த்துறை அலுவலகம் போய் வருமானம், சாதி, இருப்பிடம் என்று வாங்காத வீடில்லை. நாம் நான்கு துண்டையும் சமமாகச் சொல்லி, கடைசி ‘கேட்’டில் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறோம். ஆங்கிலத்தில் ஸர்-ˈடி-ஃபி-கட். கடைசித் துண்டு நெடிலே அல்ல. ˈஆக்-ரி-கல்-சர் என்பதில் கடைசி ‘சர்’ மங்கல். ‘அல்’ ஒட்டி ஆக்-ரி-ˈகல்-ச-ரல் ஆகும்போது மணி ‘கல்’லுக்கு வர, பின்னால் இரண்டும் மங்கல். மான்-யு-ˈஃபாக்-ச-ரிங், ஐந்து துண்டு, நடுவில் மணி. கோ-ˈஆ-ப-ர-டிவ் என்பதையும் இதே மாதிரி சொல்லிப் பாருங்கள். வேகமாகப் பேசும்போது நடுவில் உள்ள ‘ப’வும் ‘ர’வும் ஒட்டி ஒன்றாகிவிடும்.

என் அபிப்பிராயம், இளைப்பை முதலில் பழகாதீர்கள். மணியை முதலில் சரியாக அடியுங்கள். மணி சரியாகி, இளைப்பு வராவிட்டாலும் சொல் புரியும். இளைப்பு வந்து மணி தவறினால் ஒன்றுமே புரியாது. தொலைக்காட்சியைப் பார்த்துச் சிலர் எல்லாவற்றையும் மென்று விழுங்கிப் பேசுவது இந்த இரண்டாவது ரகம்.

பெயரும் வினையும், பதினைந்தும் ஐம்பதும்

இரண்டே துண்டுள்ள சில சொற்களில் மணி இடம் மாறினால் இலக்கண வகையே மாறும். ஏற்றுமதி என்ற பெயருக்கு ˈஎக்ஸ்-போர்ட், ஏற்றுமதி செய் என்ற வினைக்கு எக்ஸ்-ˈபோர்ட். அனுமதிச் சீட்டு ˈபர்-மிட், அனுமதி கொடு பர்-ˈமிட். பதிவேடு ˈரெ-கார்ட், பதிவு செய் ரி-ˈகார்ட். பெயருக்கு முன்னால், வினைக்குப் பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சொற்களும் இதற்கு அடங்காது; ரி-ˈபோர்ட் பெயராக இருந்தாலும் வினையாக இருந்தாலும் அசையாது. இரண்டு சொல் கூடிய பெயர்களில் பெரும்பாலும் முதல் சொல்லுக்கு மணி. சிவகாசியில் செய்வது ˈஃபயர்-வர்க்ஸ்.

பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் கவனம் வேண்டியது எண்களில். பதினைந்து ஃபிஃப்-ˈடீன், ஐம்பது ˈஃபிஃப்-டி. இரண்டையும் நாம் ‘ஃபிஃப்டி’, ‘ஃபிஃப்டீன்’ என்று ஒரே எடையில் சொல்வதால் தொலைபேசியில் எதிர்முனைக்குப் பதினைந்து பேலா ஐம்பது பேலா என்று குழப்பம் வரும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. எண்ணுக்குப் பின்னால் பொருளின் பெயர் வந்தால் பதினைந்திலும் மணி பலருக்கு முதல் துண்டுக்கு நகர்ந்துவிடும். அப்போது வேறுபாட்டைக் காப்பாற்றுவது நெடிலும் கடைசி ‘ன்’னும்தான். அவற்றைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்கள். அப்படியும் சந்தேகம் வந்தால் ‘ஒன் ஃபைவ்’, ‘ஃபைவ் ஸீரோ’ என்று இலக்கமாகச் சொல்லிவிடுங்கள். விமானிகளே அப்படித்தான் செய்கிறார்கள்.

வரி முடிவில் வெட்டுவது

எழுதும்போது வரி முடிந்து சொல்லை வெட்டவேண்டி வந்தால் அது வேறு கணக்கு. 1783இல் நோவா வெப்ஸ்டர் அமெரிக்கப் பிள்ளைகளுக்காக வெளியிட்ட எழுத்துக்கூட்டுப் புத்தகம் சொல்லை ஒலிப்படியே பிரித்தது. அமெரிக்க அகராதிகள் இன்றும் பெரும்பாலும் அந்த வழி. பிரிட்டிஷ் அச்சகங்கள் வேர்ச்சொல்லையும் பார்த்து வெட்டும். கணிப்பொறி வந்தபிறகு இது நம் தலைவலி இல்லை. நேர்காணலில் யாரும் கேட்கப்போவதுமில்லை.

பழகும் முறை

உங்கள் வேலையில் தினமும் வரும் நீண்ட சொற்கள் பத்தை ஒரு தாளில் எழுதுங்கள். பாடநூலிலிருந்து எடுக்காதீர்கள், ஸ்பின்னிங்கில் இருந்தால் அங்கிருந்து, வேளாண் அலுவலகத்துக்கு அலைகிறவராக இருந்தால் அங்கிருந்து. தாடையில் கை வைத்துத் துண்டை எண்ணி எண்ணிக்கையை எழுதுங்கள். பிறகு வாலைப் பார்த்து மணி எங்கே என்று நீங்களே தீர்மானித்துக் கோடு போடுங்கள். அகராதியை அதற்குப் பிறகுதான் திறக்கவேண்டும். முன்பே பார்த்துவிட்டால் ஒரு சொல்தான் கிடைக்கும். தீர்மானித்துவிட்டுப் பார்த்தால் விதி கிடைக்கும்.

சொல்லிப் பழகும்போது மணித் துண்டில் மேஜையை ஒரு தட்டுத் தட்டுங்கள். முதலில் மணித் துண்டை மட்டும், பிறகு அதன் வாலோடு, கடைசியாகத் தலையோடு: கே, கே-ஷன், ஃபி-கே-ஷன், டி-ஃபி-கே-ஷன், ஹியு-மி-டி-ஃபி-கே-ஷன். வாலிலிருந்து கட்டிக்கொண்டு வந்தால் மணி நழுவாது. தலையிலிருந்து தொடங்கினால் பாதியில் மூச்சும் போகும், மணியும் போகும்.

சோதித்துப் பார்க்க ஏழு சொற்கள் தருகிறேன், விடை அடுத்த பத்தியில். ரெஜிஸ்ட்ரேஷன், சூப்பர்வைசர், எக்ஸாமினேஷன், மெஷினரி, ஸ்பெஸிஃபிக், எபிலிட்டி, ஜெர்மினேட்.

ரெ-ஜி-ˈஸ்ட்ரே-ஷன், நான்கு. ˈஸூ-பர்-வை-ஸர், நான்கு, இதில் வால் உதவாது, மனப்பாடம்தான். இக்-ஸா-மி-ˈநே-ஷன், ஐந்து. ம-ˈஷீ-ந-ரி, நான்கு. ஸ்ப-ˈஸி-ஃபிக், மூன்று. அ-ˈபி-லி-ட்டி, நான்கு. ˈஜர்-மி-நெய்ட், மூன்று. ஏழில் ஐந்து சரியாக வந்தால் அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம். வராவிட்டால் ‘ஷன்’, ‘இட்டி’ இரண்டு வால்களுக்கு மட்டும் திரும்பிப் போங்கள், முழுவதையும் மறுபடி படிக்கவேண்டாம்.

கைப்பேசி அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் சொல் கேட்கும். அதைக் கேட்பதோடு நிறுத்தாமல் கோடு எந்தத் துண்டுக்கு முன்னால் விழுந்திருக்கிறது என்றும் பாருங்கள். அச்சுப் புத்தகமாக அகராதி வாங்குகிறவர்கள் பொருள் மட்டும் தரும் மலிவுப் பதிப்பை விட்டுவிட்டு, அழுத்தக் குறி போட்டிருக்கிறதா என்று நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்த பிறகே காசு கொடுங்கள்.